உப்பு தின்னாத ரீல் வேண்டுமா?

வாலிநோக்கம் என்றதும் அரசு உப்பு நிறுவனத்தின் உப்பளம் நினைவுக்கு வரும். அங்கே காசாகும் உப்புதான், அதே ஊர்க் கடலில் தூண்டில் போடுபவரின் ரீலுக்கு எமன். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நீர் காய்ந்தாலும் உப்பு தங்கும். ஈரத்தை இழுத்து பேரிங்கை அரிக்கும். பெரிய மீன் இழுக்கும்போது ரீல் சிக்கினால் மீனும் போச்சு, லைனும் போச்சு!

வீடு திரும்பியதும் டிராக் திருகை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். துடைத்து, நிழலில் காயவைத்து, டிராக்கைத் தளர்த்திவிடுங்கள்.

கைப்பிடி கரகரத்தால் திறக்கலாம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்முன் போனில் படமெடுங்கள். திரும்ப மாட்ட அதுதான் வழிகாட்டி. பல்சக்கரத்துக்கு கிரீஸ், பேரிங்குக்கு ஒரு சொட்டு ரீல் ஆயில். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துவிடும்.