நவுருவின் மேட்டு நிலம்: அடைபடாத பாக்கி

பசிபிக் பெருங்கடலில் 21 சதுர கிலோமீட்டர் பரப்பில் அடங்கிவிடும் குட்டி நாடு நவுரு. அதன் நடுவிலுள்ள மேட்டு நிலத்தில் ஏறினால் காலடியில் மண் இல்லை. ஆளுயரத்தையும் மிஞ்சிய சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் தூண்களும் அவற்றுக்கிடையே வெறும் பள்ளங்களும்தான். அந்தப் பள்ளங்களில் நிறைந்திருந்த பாஸ்பேட்டை இருபதாம் நூற்றாண்டு முழுக்கச் சுரண்டி எடுத்ததில், தீவின் ஐந்தில் நான்கு பங்கு பாழாகிவிட்டது.

அந்தப் பாஸ்பேட் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்கு மலிவு விலையில் உரமானது. 1919இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இவ்விரு நாடுகளும் பிரிட்டனும் கூட்டாகச் சுரங்கத்தை நடத்தின. நிலத்தைச் சீர்செய்வதற்குப் பதிலாக, குவீன்ஸ்லாந்தின் கர்ட்டிஸ் தீவுக்குக் குடிபெயரும்படி யோசனை சொல்லப்பட்டபோது, நவுரு மக்கள் 1964இல் அதை நிராகரித்தார்கள்.

1968இல் விடுதலை பெற்ற நவுரு, இலங்கைச் சட்ட அறிஞர் சி.ஜி. வீரமந்திரி தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. 1989இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1993இல் ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. பிரிட்டனும் நியூசிலாந்தும் தலா 1.2 கோடி பங்களித்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் சீரமைந்திருப்பது சிறு பகுதிதான்.

‘பணத்தைத் தொலைத்தது நவுரு ஆட்சியாளர்கள்தானே’ என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. விடுதலைக்குப் பிறகும் சுரங்கம் நிற்கவில்லை. பாஸ்பேட் வருமானத்துக்கான அறக்கட்டளை நிதி, லண்டனில் தோல்வி கண்ட ஓர் இசை நாடகம் உட்பட வீண் முதலீடுகளில் கரைந்தது. ஆனால், விடுதலைக்கு முன்பே தோண்டப்பட்ட நிலத்துக்கான பொறுப்பு இதனால் இல்லாமல் போய்விடாது.

ஆஸ்திரேலியாவுக்கு வழி தெரியாமலும் இல்லை. அதன் ஆட்சிப் பகுதியான கிறிஸ்துமஸ் தீவிலும் பாஸ்பேட் சுரங்கம் உண்டு. காட்டுக்குச் சேதமும் உண்டு. அபாட் பூபி என்னும் கடற்பறவை உலகிலேயே அங்கு மட்டும்தான் இனப்பெருக்கம் செய்கிறது. மரங்களை வெட்டிய வெளிகளில் சுழன்றடிக்கும் காற்று, பக்கத்து மரக் கூடுகளிலிருந்து குஞ்சுகளைக் கீழே தள்ளியது. அதனால் கூடுகளை ஒட்டிய சுரங்க வெளிகளில் மண் பரப்பி மரம் வளர்த்திருக்கிறார்கள். அதற்கான பணம், ஏற்றுமதியாகும் பாஸ்பேட் மீதான தீர்வையிலிருந்து வந்தது. சுரங்கம் ஓடும்போதே மீட்புக்குப் பணம் பிடிக்கும் இந்த ஏற்பாடு நவுருவில் இருந்திருக்க வேண்டும்.

இப்போது கடல் மட்டம் உயர்வதால், கரையோரத்தில் வாழும் மக்களை மேட்டு நிலத்துக்கு நகர்த்த நவுரு திட்டமிடுகிறது. அதற்குப் பணம் திரட்ட, 2025இல் லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் விலை வைத்துக் குடியுரிமையை விற்கத் தொடங்கியது. உரத்தை மலிவாகப் பெற்ற நாடுகள் இதை வேடிக்கை பார்ப்பது வெட்கக்கேடு.

தூண்களை இடித்துச் சமன்செய்து வீடு கட்டினால் மட்டும் போதாது. புன்னையும் தாழையும் மீண்டும் வளர வேண்டும். வேறெங்கும் இல்லாத நவுரு நாணல் கதிர்க்குருவிக்கும் இடம் வேண்டும். குடியிருப்புக்கும் காட்டுக்கும் தனித்தனியாக நிலம் ஒதுக்கிய பிறகே வேலை தொடங்க வேண்டும். செலவில் பெரும்பங்கை ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து ஏற்கட்டும். அந்தப் பணத்தை வேறெதற்கும் தொட முடியாத தனி நிதியாக்கி, ஆண்டுதோறும் தணிக்கைக் கணக்கைத் தன் மக்கள்முன் நவுரு அரசு வைக்கட்டும்.