சாஸ்திர விமானமும் அருவங்காட்டு நெருப்பும்

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் போகும் தோழர்கள் வழியில் அருவங்காட்டைப் பார்த்திருப்பார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் அங்கே ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலை கட்டினான். கார்டைட் என்னும் அந்தச் சரக்கு எரியக் காற்று வேண்டியதில்லை. வேண்டிய ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. இதை எந்த ரிஷியும் ஞான திருஷ்டியால் கண்டு சொல்லவில்லை. ரசாயனம் படித்தவன் சோதித்துக் கண்டான்.

ஸ்கிராம்ஜெட் என்ஜின் சங்கதியோ வேறு. அது ஆக்ஸிஜனைச் சுமந்து போகாமல், வழியிலுள்ள காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளுகிறது. அக்காற்று என்ஜினுக்குள் ஒலியைவிட வேகமாய் ஓடுகிறது. எரிபொருள் அதில் கலந்து, பற்றி, எரிந்து முடிய வினாடியில் ஆயிரத்திலொரு பங்கு அளவே நேரமுண்டு. தொட்டபெட்டா உச்சிக் காற்றில் தீக்குச்சி கிழித்துப் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் சிறிது விளங்கும். 28-8-2016-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பி, ஒலியைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் இத்தகைய என்ஜின்களை 5 வினாடி எரித்துக் காட்டினார்கள்.

இதற்குத் துணை மந்திரமல்ல, கணக்கு. என்ஜினின் உட்புறத்தை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாய்ப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வந்த காற்றென்ன, போனதென்ன, அழுத்தமென்ன, சூடென்ன, எரிந்ததென்ன என்று கடைக்காரன் வரவு செலவு பார்ப்பதுபோல் கம்ப்யூட்டர் பார்க்கிறது. அதையும் அப்படியே நம்பிவிடுவதில்லை. சோதனையோடு ஒத்துப் பார்த்து, ஒவ்வாவிட்டால் கணக்கைத் திருத்துகிறார்கள். எந்தச் சாஸ்திரக்காரராவது தம் சாஸ்திரத்தை இப்படித் திருத்தச் சம்மதித்ததுண்டா என்று கேட்கிறோம்.

இவ்வளவுக்குப் பின்னும், 2015-ல் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டிலேயே, வேத காலத்தில் விமானம் பறந்ததென்று பேச இடங்கொடுத்தார்கள். பரத்வாஜர் செய்ததாகச் சொல்லப்படும் வைமானிக சாஸ்திரத்தை 1974-லேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஐவர் ஆராய்ந்தார்கள். அவர்களில் முகுந்தா எரிதல் சாஸ்திரத்தில் வல்லவர். தேஷ்பாண்டே அதிவேகக் காற்றோட்டக் கணக்கில் வல்லவர். அவர்கள் கண்ட முடிவென்ன? அதில் சொல்லிய விமானங்கள் பறக்க மாட்டா. அந்நூலும் 1904-க்கு முந்தியதல்ல. ஆகவே, அந்த ‘வேத கால’ நூல் அருவங்காட்டுத் தொழிற்சாலையைவிடப் பழைய சரக்கென்று சொல்லக்கூட இடமில்லை!

கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கு இந்தப் பொய்ப் பெருமையைப் புகட்டுவதால் லாபம் யாருக்கு? அப்பிள்ளைக்குக் கணக்கையும் ரசாயனத்தையும் சொல்லிக்கொடுங்கள். பறக்கும் வித்தையை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.