பெருங்குடல் பரிசோதனை: வயதைக் கேட்குமுன் குடும்பத்தைக் கேளுங்கள்

சிறுசேரி சிப்காட் வளாகத்தில் பணிபுரிவோர் பலர், நிறுவனம் ஏற்பாடு செய்த முழு உடல் பரிசோதனை அறிக்கையோடு என்னிடம் வருகின்றனர். ‘சி.இ.ஏ. இயல்பாக இருக்கிறது, குடலில் புற்றுநோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?’ என்று கேட்கின்றனர். அவ்வாறு எடுத்துக்கொள்ள இயலாது. அந்த இரத்தப் பரிசோதனை, நோய் உறுதியானவர்களின் சிகிச்சையைப் பின்தொடர்வதற்கு உரியது. தொடக்கநிலைப் புற்றுநோய் உள்ளவர் பலருக்கு அது இயல்பாகவே இருக்கும். புகைபிடிப்பவருக்கோ நோய் இல்லாமலேயே சற்று உயரும். பரிசோதனைத் தொகுப்புகளில் அது ஏன் இடம்பெறுகிறது என்பது மருத்துவத்தைவிட வணிகம் சார்ந்த கேள்வி.

அடுத்த கேள்வி, வயதைப் பற்றியது. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, பரிசோதனை தொடங்கும் வயதை 2021-இல் 50-இலிருந்து 45-ஆகக் குறைத்தது. அதைப் படித்துவிட்டு, 45-ஆம் பிறந்தநாள் முடிந்ததும் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வருவோர் உண்டு. ஆனால் இந்தியாவில் இந்நோய் ஏற்படும் விகிதம் அமெரிக்காவைவிடப் பல மடங்கு குறைவு. நமது தேசியத் திட்டம் 30 வயதைக் கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே பரிசோதனை செய்கிறது; பெருங்குடல் அதில் இல்லை. இது புறக்கணிப்பு அன்று. இங்கு மிகுதியாக உள்ள நோய்களுக்கு முதலிடம் தருவது சரியென்றே நான் கருதுகிறேன்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 800 நோயாளிகளின் சராசரி வயது ஏறத்தாழ 47. இதைக் கண்டு அஞ்சி, இளையோர் அனைவரும் பரிசோதனைக்கு வர வேண்டியதில்லை. நம் மக்கள்தொகையில் இளையோர் மிகுதி என்பதும் அந்த எண்ணுக்கு ஒரு காரணம்.

அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாதவர், 45-க்கும் 50-க்கும் இடையில் மலப் பரிசோதனையிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. ‘ஃபிட்’ எனப்படும் இப்பரிசோதனை, கண்ணுக்குத் தெரியாத மனித இரத்தத்தை மட்டும் கண்டறிவது. அதற்காக இறைச்சியையோ மீனையோ நிறுத்த வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை செய்தால்தான் பயன். இரத்தம் இருப்பதாக வந்துவிட்டால் கொலோனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும். ‘வேறு ஆய்வகத்தில் மறுபடி பார்த்தேன், இல்லை என்று வந்தது’ எனக் கோப்பை மூடிவிடுவது பெருந்தவறு. அந்தக் கட்டி எல்லா நாளும் கசிவதில்லை.

நேரடியாகக் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள விரும்புவோரை நான் தடுப்பதில்லை. பாலிப் என்னும் சிறு கட்டி புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகள் அளவில் ஆகும். அதற்குள் கண்டு அகற்றிவிடலாம். குறை எதுவும் இல்லையெனில் அடுத்த பரிசோதனை பத்தாண்டுகளுக்குப் பிறகே.

மேற்கூறிய வயதுக் கணக்கு முழுவதும் மாறிவிடும் இடம் ஒன்று உண்டு: குடும்பம். இச்செய்தி மடலைப் படிப்போரில் சிலர், இந்நோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் கட்டிலருகே அமர்ந்திருக்கக்கூடும். நோயாளியின் பிள்ளையாகவோ உடன்பிறந்தவராகவோ நீங்கள் இருந்தால், பரிசோதனை உங்களுக்கும் உரியது. 40 வயது, அல்லது அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்தாண்டுகள் முன்னர், இவற்றில் எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டும். தந்தைக்கு 46 வயதில் கண்டறியப்பட்டது எனில் மகளுக்கு 36. பிறகு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை.

இங்குதான் நம் குடும்பங்களின் மௌனம் குறுக்கே நிற்கிறது. ‘அப்பாவிடம் சொல்ல வேண்டாம்’ என்பார் மகன். ‘பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், உறவினருக்குத் தெரிய வேண்டாம்’ என்பார் தாய். அவ்வச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. திருமணச் சந்தையில் அதற்குக் காரணம் இருக்கிறது. ஆயினும் ‘குடல் புண்’ என்று மறைத்துச் சொல்லப்பட்ட அந்த நோயின் பெயரையும் வயதையும் நோயாளியின் தம்பி தங்கையருக்கேனும் சொல்லிவிடுங்கள். ஒரே குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோயும் சேர்ந்து காணப்படுவது மரபுவழி நோயின் அடையாளமாக இருக்கலாம். எனவே அத்தைக்கும் பாட்டிக்கும் என்ன நேர்ந்தது என்பதையும் விசாரித்து வாருங்கள். லின்ச் நோய்க்குறி எனப்படும் அத்தகைய நிலையில் 20-25 வயதிலேயே பரிசோதனை தொடங்க நேரிடும்.

மலத்தில் இரத்தம், மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம், காரணம் தெரியாத இரத்தசோகை அல்லது எடைக்குறைவு இருப்பவருக்கு ‘எந்த வயதில்’ என்ற கேள்வியே எழாது. 28 வயதானாலும் உடனே வர வேண்டும். கேளம்பாக்கம் முதல் மாமல்லபுரம் வரை சுவர்தோறும் மூலத்திற்கும் பௌத்திரத்திற்கும் விளம்பரங்களைக் காணலாம். இரத்தத்தை மூலம் என்று தாமே முடிவுசெய்து மாதக்கணக்கில் களிம்பு தடவுவோர் பலர். மூலம் இருப்பவருக்கும் அதற்கு மேலே கட்டி இருக்கலாம். விரல் பரிசோதனையும் உள்நோக்கியும்தான் அதைச் சொல்லும்.

இறுதியாக, எண்பது வயதுப் பெற்றோரை அக்கறையோடு அழைத்துவரும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். 75 வயதுக்குப் பின் பொதுவான பரிசோதனையின் பயன் குறைகிறது. பேதி மருந்தால் நீர்ச்சத்தும் உப்புகளும் குறைவது, அரிதாகக் குடலில் துளை விழுவது போன்ற ஆபத்துகள் மிகுகின்றன. அறிகுறி எதுவும் இல்லாத முதியவருக்கு இப்பரிசோதனை வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்வேன்.