கையெழுத்துக்கு முன்னாடி சிக்னல்!

படிக்க பிரான்ஸ் போறீங்களா பாஸ்? வாடகை கம்மின்னு கிராமத்து வீட்டுக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

டி.வி. பிரச்னையே இல்லை. அனலாக் ஒளிபரப்பு 2011 நவம்பரோட அங்கே முடிஞ்சு போச்சு. சாதா ஆன்டெனாவுக்கு சிக்னல் எட்டாத வீடுகளுக்கு 'டிஎன்டி சாட்', 'ஃபிரான்சாட்'னு ரெண்டு சேவைகள் இருக்கு. டிஷ், பெட்டி, கார்டு வாங்கினா போதும்; மாதச் சந்தா கிடையாது. முதலாவதுக்கு டிஷ் தென்கிழக்குப் பக்கம் பார்க்கணும். ரெண்டாவதுக்கு ஏறக்குறைய நேர் தெற்கு. குறுக்கே மரம் நின்னா படம் கட்!

நெட்தான் தலைவலி. டெலிபோன் கம்பியில வர்ற ஏ.டி.எஸ்.எல்., எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக நொண்டும். அந்தக் கம்பிகளையே 2030-க்குள்ள மூடறதா திட்டம். அதனால ஃபைபர் இருக்கான்னு கேளுங்க. 'ஊருக்கு வந்தாச்சு'ங்கிற பதில் போதாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான 'ஆர்செப்' இணையத்துல வெச்சிருக்கிற வரைபடத்துல அந்த வீட்டு முகவரியைத் தட்டினா குட்டு வெளிப்பட்டுடும்.

ஃபைபர் இல்லைன்னா சாட்டிலைட் நெட். 36,000 கி.மீ. உயர சாட்டிலைட்னா, ஆன்லைன் வைவாவுல நீங்க பேசி அரை விநாடி கழிச்சுத்தான் எதிர்முனை பதில் வரும். சுமார் 550 கி.மீ. உயரத்துல சுத்தற ஸ்டார்லிங்க் தேவலை.

ஸோ, முதல்ல முகவரியைத் தட்டுங்க. அப்புறம் பேனாவை எடுங்க!