மனுப் போடாமலே தோற்பதா?

சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "யூனிவர்சிடி வேலையா? அதற்கெல்லாம் முன்பே ஆள் பார்த்து வைத்திருப்பார்கள். நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது?" என்பதே அது. எம்.ஏ. படித்த பிள்ளை ஜவுளிக் கடையில் பில் போடுகிறான். விளம்பரம் வந்த பத்திரிகை பொட்டலம் மடிக்கப் போகிறது. சிபாரிசு என்னும் நோய் நாட்டில் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் மனுவே போடாதவனைச் சிபாரிசு வந்து தோற்கடிக்க வேண்டியதில்லை. அவன் தானாகவே தோற்றுவிட்டான்.

இந்த வட்டாரத்தில் இடங்களுக்குக் குறைவில்லை. திருப்பதியில் 1954-இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக் கழகம், 1983-இல் பத்மாவதி மகளிர் பல்கலைக் கழகம், குப்பத்தில் 1997-இல் திராவிடப் பல்கலைக் கழகம், 2015-இல் திருப்பதிக்கு ஐ.ஐ.டி.யும் ஐசரும் என்று வரிசையாக வந்தன. திருப்பதி சமஸ்கிருத வித்யாபீடம் 2020-இல் மத்தியப் பல்கலைக் கழகமாயிற்று. இவற்றில் பேராசிரியர் பதவி மட்டுமா இருக்கிறது? பதிவாளர் அலுவலகம், கணக்குப் பிரிவு, தேர்வுப் பிரிவு, நூலகம், ஆய்வுக்கூடம் எல்லாம் இருக்கின்றன.

முனைவர் பட்டம் இல்லையே என்று பலர் ஒதுங்குகிறார்கள். பல்கலைக் கழக மானியக் குழு 2023-இல் செய்த திருத்தத்தின்படி, முதுகலையில் 55 சதவீதமும் 'நெட்' அல்லது 'செட்' தேர்ச்சியும் இருந்தால் உதவிப் பேராசிரியர் பதவிக்கு மனுச் செய்யலாம். 'நெட்' தேர்வில் தமிழும் ஒரு பாடம்.

சான்றிதழ் விஷயத்தில்தான் நம்மவர் அதிகம் இடறுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய தாழ்த்தப்பட்டோரின் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லும். ஆந்திர மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. குடிபெயர்ந்த மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 1990-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இதை அறியாமல் நிரப்பிய மனு முதல் சுற்றிலேயே தள்ளுபடியாகும். ஏற்கெனவே அரசு வேலையில் இருக்கும் குமாஸ்தாக்கள் மேலதிகாரி மூலமாகவே மனு அனுப்ப வேண்டும். கடைசி நாள்வரை காத்திருந்தால் கையெழுத்துக் கிடைக்காது. பள்ளிப் படிப்புச் சான்றிதழ்களையும் பத்திரமாக வைத்திருங்கள். மாநிலப் பல்கலைக் கழகத்தில் படிக்கச் சேரும்போது உள்ளூர்க்காரர் என்று நிரூபிக்க அவையே சாட்சி.

தெலுங்கையும் பிள்ளைகள் பிழையின்றி எழுதப் படிக்க வேண்டும். பேசத் தெரிந்தால் போதும் என்பது கடைவீதிக்குச் சரி. அலுவலகக் கோப்புக்கு உதவாது. தெலுங்கு கற்பதால் வீட்டுத் தமிழ் தேய்ந்துவிடாது. திருத்தணியில் பிறந்து திருப்பதியிலும் பள்ளிப்படிப்புப் படித்த ராதாகிருஷ்ணன், 1921-இல் கல்கத்தா வரை சென்று தத்துவப் பேராசிரியரானார். புலமைக்கு மாநில எல்லை கிடையாது.

பல்கலைக் கழகங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆந்திர அரசுப் பல்கலைக் கழகங்களில் 3,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர் இடங்களை நிரப்ப 2023-இல் முயற்சி தொடங்கியது. வழக்குகளில் சிக்கித் தாமதப்பட்டது. ஆண்டுக் கணக்கில் ஒப்பந்த ஆசிரியர்களைக் கொண்டே வகுப்பை ஓட்டுவது அவர்களுக்கும் நியாயமல்ல, மாணவர்களுக்கும் நியாயமல்ல. இடங்களை ஒளிவுமறைவின்றி நிரப்புங்கள். மதிப்பெண் பட்டியலை வெளியிடுங்கள். 'முன்பே ஆள் பார்த்தாகிவிட்டது' என்ற பேச்சுக்கு அதுவே சரியான பதில்.

அதுவரை நம் இளைஞர்கள் காத்திருக்க வேண்டாம். அடுத்த விளம்பரத்தைக் கத்தரித்து வையுங்கள். மனுவை நாளோடு அனுப்புங்கள்.