சீகைக் காட்டுக்கு யார் பொறுப்பு?

நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளி அழிந்துகொண்டிருக்கிறது. அழிப்பவை வனத்துறையே நட்ட மரங்கள்.

சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தவை. அவற்றை மலைமலையாகப் பரப்பியது சுதந்திர இந்தியாவின் வனத்துறை. தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்கு மரக்கூழ் வேண்டும் என்று, புல்வெளியைத் தரிசு என எழுதி மரம் நட்டார்கள். பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதாண்டுகளில் காணாமல் போனதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. நடுவதை நிறுத்திய பின்னும் சீகை நிற்கவில்லை. தன் விதையால் தானே பரவுகிறது.

தரிசாம்! பருவமழையை வாங்கி வைத்துக் கோடையில் ஓடையாக விட்ட நிலம் அது. மடிப்புகளில் சோலை, மேட்டில் புல், தாழ்வில் சதுப்பு. மாநில விலங்கான வரையாட்டுக்கு அந்தப் புல்தான் உணவு. நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும் அங்கேதான். அவர்களுடைய கோயில்களின் கூரை சதுப்பில் விளையும் புல்லால் வேயப்படுவது. மேய்ச்சல் நிலத்தில் தோப்பு எழுந்தது. சதுப்பு சுருங்கியது. இன்று கூரை மாற்றப் புல் தேடி அவர்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. மலையின் மக்களை மலையிலிருந்து பிரித்த குற்றத்துக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

மரத்தை வெட்டினால் புல் வந்துவிடும் என்று கோப்பில் எழுதும் அதிகாரி களத்துக்குப் போகட்டும். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரம் போய் வெயில் விழுந்தாலும் முளைக்கும், தீ பட்டாலும் முளைக்கும். மழை பெய்ததும் வெட்டிய இடம் முழுக்க நாற்றங்கால்போல் அடர்ந்து நிற்கும். அந்தக் கன்றுகளை ஆண்டுதோறும் வேரோடு பிடுங்க வேண்டும். நாட்டுப் புல்லின் தூரைப் பிரித்து நட வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். கூலி வேண்டும். பல ஆண்டுப் பொறுமை வேண்டும். வெட்டி லாரியில் ஏற்றி அனுப்புவது மர வியாபாரம். அதற்கு மீட்பு என்று பெயர் சூட்டாதீர்கள்.

எங்கே வெட்டுவது என்பதும் ஒப்பந்ததாரர் முடிவு செய்யும் காரியமல்ல. பழனி மலையின் பழைய தோப்புகளுக்கு அடியில், அந்த நிழலிலேயே, சோலைக் கன்றுகள் தாமாக எழுந்திருக்கின்றன. அங்கே கோடரி வைக்கக் கூடாது. எஞ்சிய புல்லுக்குள் சீகை புதிதாக நுழையும் விளிம்பில்தான் முதல் வேலை. ஆய்வாளர்கள் இதைச் சொல்லி ஆண்டுகள் ஆகின்றன.

அந்நியத் தாவரங்களை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை உத்தரவிட்டது. 2022இல் அரசே கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டு வரையாட்டுத் திட்டத்துக்கு 25.14 கோடி ரூபாய் அறிவித்தது. புல்வெளி மீட்பு அத்திட்டத்தின் பணிகளில் ஒன்று. உத்தரவு இருக்கிறது. கொள்கை இருக்கிறது. பணம் இருக்கிறது. புல்வெளி எங்கே?

அதே 2022இல்தான் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கியது. காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது அதன் இலக்கு. இந்தக் கணக்கில் சீகைக் காடு பசுமை, புல்வெளி பூஜ்யம். சீகையை அகற்றும் அதிகாரியின் கோட்டத்தில் பசுமை குறைந்ததாகப் பதிவாகும். ஒரு கையால் அகற்றச் சொல்லி மறுகையால் தண்டிக்கும் இந்த அளவுகோலை வகுத்தவர்கள் தலைமைச் செயலகத்தில் இருக்கிறார்கள். உடனே திருத்துங்கள். புல்வெளியைத் தனி வாழிடமாகக் கணக்கில் ஏற்றுங்கள். 1,800 மீட்டருக்கு மேல் எந்தப் புல்வெளியிலும் இனி மரக்கன்று நடக் கூடாது என்று எழுத்தில் ஆணையிடுங்கள்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை அங்கீகரிக்கிறது. காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. அந்தச் சட்டத்தைச் சலுகைபோல் நடத்துவதை வனத்துறை நிறுத்த வேண்டும். எந்தச் சரிவில் எந்தப் புல் இருந்தது என்று தோடர் முதியவர்களுக்குத் தெரியும். மீட்புத் திட்டம் அவர்களுடைய கிராம சபையில் எழுதப்பட வேண்டும். கூலிக்கு மட்டும் அவர்களைக் கூப்பிடுவது அவமதிப்பு.

அடுத்த மானியக் கோரிக்கையின்போது வனத்துறை அமைச்சர் கணக்கோடு வர வேண்டும். எத்தனை டன் மரம் போனது என்ற கணக்கு வேண்டாம். எத்தனை எக்டேரில் புல் நின்றது, எத்தனை எக்டேரில் சீகை மறுபடி முளைத்தது என்று கோட்டம்வாரியாக, பொறுப்பு அலுவலரின் பதவியைக் குறிப்பிட்டு, வரைபடத்தோடு அவையில் வைக்க வேண்டும்.