ஆண்டைகளுக்குக் கொடுத்த இழப்பீடு

2018 பிப்ரவரியில் பிரிட்டன் நிதியமைச்சகம் ட்விட்டரில் ஒரு பதிவு போட்டது. அடிமை வணிகம் ஒழிய உங்களில் லட்சக்கணக்கானோர் வரிப்பணத்தால் உதவியிருக்கிறீர்கள் என்பது அதன் சாரம். 1833ல் அடிமைகளை விடுவிக்க அரசு 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அது அன்றைய ஆண்டுச் செலவில் 40 சதவீதம். அதற்காக வாங்கிய கடன் 2015ல்தான் அடைந்தது. எண்களில் பிழையில்லை. பணம் யார் கைக்குப் போனது என்று மக்கள் கேட்கத் தொடங்கியதும் பதிவு நீக்கப்பட்டது.

போனது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை.

கேட்டதும் கோபம் வரும், நியாயமான கோபம்தான். ஆனால் கோபத்தோடு நின்றால் விஷயம் பிடிபடாது. கொடுமை செய்தவனுக்கே பணம் கொடுப்பது அன்றைய நாடாளுமன்றத்தில் பலருக்கு இயல்பாகப் பட்டது ஏன்? அதற்கு விடை கரும்புத் தோட்டத்தில் இல்லை, கடன் கணக்கில் இருக்கிறது.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் லூயிசியானாவை எடுத்துக்கொள்வோம். 1820களில் மிசிசிப்பிக் கரையில் பருத்தியும் கரும்பும் போட நிலம் ஏராளம். தோட்டக்காரர்களிடம் ரொக்கம் இல்லை. வங்கிக்குப் போய் நிலத்தை அடமானம் வைத்தார்கள், கூடவே அடிமைகளையும் வைத்தார்கள். வங்கிக்கு நிலத்தைவிட அடிமை வசதியான ஈடு. நிலத்தை வெள்ளம் கொண்டுபோகலாம், வாங்க ஆள் கிடைக்காமல் கிடக்கலாம். மனிதரை விலை கூடிய ஊருக்கு நடத்திக்கொண்டுபோய் விற்றுவிட முடியும். அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளையும் ஆண்டையின் சொத்து என்பதால் ஈட்டின் மதிப்பு தானாகவே வளர்ந்தது. இந்த அடமானங்களைத் திரட்டி, மாநில அரசின் உத்தரவாதத்தோடு கடன்பத்திரங்களாக்கி, லண்டனின் பேரிங்ஸ் நிறுவனம் வழியாக ஐரோப்பாவில் விற்றார்கள். வாங்கியவர் ஓர் அடிமையைக்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு வட்டி வந்தது, அவ்வளவுதான்.

கடன் திரும்பாவிட்டால் ஈடு வங்கிக்குச் சொந்தம். 2005ல் ஜேபி மார்கன் சேஸ் வங்கி வெளியிட்ட அறிக்கை இதைச் சொல்கிறது: பிற்காலத்தில் அதோடு இணைந்த இரண்டு லூயிசியானா வங்கிகள் 1831க்கும் 1865க்கும் இடையில் சுமார் 13,000 அடிமைகளை ஈடாக ஏற்றிருந்தன, சுமார் 1,250 பேருக்கு வங்கிகளே உடைமையாளர் ஆகியிருந்தன. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அடிமைமுறை பழங்காலத்தின் மிச்சம், ஆலையும் சந்தையும் வந்ததும் அது தானாக உதிர்ந்துபோனது என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அமெரிக்கக் கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. 1790ல் அங்கே சுமார் 7 லட்சம் அடிமைகள். 1808ல் வெளியிலிருந்து கொண்டுவருவது தடை செய்யப்பட்டது. அப்படியும் 1860ல் ஏறத்தாழ 40 லட்சம். நடுவில் 1793ல் எலி விட்னியின் பருத்தி கொட்டை நீக்கும் எந்திரம் வந்தது; இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பெருகின. 1850களின் முடிவில் பிரிட்டன் இறக்குமதி செய்த பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பஞ்சு. நீராவி எந்திரம் சாட்டையை ஓய்வுபெறச் செய்யவில்லை. அதற்கு வேலை கூட்டியது.

பிறகு அடிமைமுறை ஒழிந்தது எப்படி? டிரினிடாட்டில் பிறந்து பின்னாளில் அந்நாட்டின் முதல் பிரதமரான எரிக் வில்லியம்ஸ் 1944ல் எழுதிய நூலில் ஒரு விடை வைத்தார். கரீபியச் சர்க்கரை லாபம் பிரிட்டிஷ் தொழிற்புரட்சிக்குத் தீனி போட்டது. அந்தத் தீவுகளால் ஆதாயம் குறைந்ததும் அதே முதலாளித்துவம் அடிமைமுறையைக் கைவிட்டது. ஆங்கிலேயரின் தயாள குணத்தையே பாடிக்கொண்டிருந்த வரலாற்றுக்கு அது நல்ல அடி. ஆனால் 1970களில் வரலாற்றாசிரியர் சீமோர் டிரெஷர் கணக்குகளைப் புரட்டி, பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்த 1807ல் அடிமைமுறை நலிந்திருக்கவில்லை, கொழித்துக்கொண்டிருந்தது என்று வாதிட்டார். வில்லியம்ஸின் முதல் பாதி நிற்கிறது, இரண்டாம் பாதி ஆட்டம் காண்கிறது என்பது என் எண்ணம்.

லாபமா, மனசாட்சியா என்ற இந்த வழக்கில் அடிமைகளைச் சாட்சிக்குக்கூடக் கூப்பிடுவதில்லை. பிரெஞ்சுக்காரர்களின் சேந்தொமிங் காலனியில் 1791ல் கிளர்ந்தெழுந்தவர்கள் 1804ல் ஹைத்தி என்ற நாட்டையே உண்டாக்கினார்கள். ஜமைக்காவில் 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில், அடிமையாகவும் பாப்டிஸ்ட் சபைப் போதகராகவும் இருந்த சாம் ஷார்ப்பின் முன்னெடுப்பில் பல்லாயிரம் பேர் வேலைக்குப் போக மறுத்தார்கள், தோட்டங்கள் எரிந்தன. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். 1833லேயே லண்டனில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. இங்கிலாந்தில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுக்களின் பங்கையும் மறுக்க முடியாது. ஆனால் அடக்கி ஆள்வதே கட்டுப்படியாகாது என்ற பயத்தை ஊட்டியவர்கள் அந்தத் தோட்டக்காட்டு மனிதர்கள்.

விடுதலை வரப்போவது உறுதியானபின் லண்டனில் எழுந்த கேள்வி வேறு. ஈடே மறைந்துபோனால் கடன் கொடுத்தவன் கதி? இழப்பீட்டில் பெரும் தொகை தோட்டக்காரர் கையில் தங்காமல், அவர்களுடைய அடமானத்தை வைத்திருந்த லண்டன் வணிகர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2 கோடியில் ஒன்றரைக் கோடி பவுண்டை 1835ல் நிதியாளர்களான ராத்ஸ்சைல்டும் மான்டிஃபியோரியும் கடனாகத் திரட்டிக் கொடுத்தார்கள். விடுதலையானவர்களோ பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் அதே ஆண்டையிடம் 1838 வரை கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது.

ஹைத்தி விலை கொடுத்த விதம் இன்னும் கொடுமை. 1825ல் போர்க்கப்பல்களோடு வந்த பிரான்ஸ், பழைய ஆண்டைகளுக்கு இழப்பீடாக 15 கோடி பிராங்க் கேட்டது. முதல் தவணையைக் கட்ட பாரிஸ் வங்கியிலேயே கடன் வாங்க நேர்ந்தது. 1888ல் அடிமைமுறையை ஒழித்த பிரேசில் யாருக்கும் எதுவும் தரவில்லை. அமெரிக்கத் தென்பகுதியில் உள்நாட்டுப் போரின் முடிவில் விடுதலையானவர்களில் சிலருக்கு ஒதுக்கிய 40 ஏக்கர் நிலங்களைக்கூட, 1865லேயே பழைய உரிமையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார்கள்.

நம் கரையும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. சோழமண்டலக் கரையின் நீலத் துணி, மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதரை வாங்கக் கொடுத்த சரக்குகளில் ஒன்று. 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளையும் இலங்கையையும் வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. சுமார் 2,500 அடிமைகளுக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு பெற்ற ஜான் கிளாட்ஸ்டன், கயானாத் தோட்டங்களுக்கு ஆள் கேட்டு 1836லேயே கல்கத்தாவுக்கு எழுதினார். 1838 மே மாதம் இரண்டு கப்பல்களில் சுமார் 400 ஒப்பந்தக் கூலிகள் அங்கே இறங்கினார்கள். பிரெஞ்சுத் தீவான மார்ட்டினிக்குக்கு 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர்கள் கப்பலேறினார்கள். அங்கும் 1849ல் ஆண்டைகளுக்கு இழப்பீடு தரப்பட்டிருந்தது. அதில் எட்டில் ஒரு பங்கை மூலதனமாக்கித் தொடங்கிய வங்கி தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்தது. இம்முறை ஈடு, வயலில் நின்ற கரும்பு.